எங்கள் அண்ணனும் மேட்டுக்கொல்லைச் சந்தனமும்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். அட்டைப் படத்தில் முகத்தை இறுக்கி வைத்திருக்கிறாரே என்று யாரும் எண்ண வேண்டாம். வங்கிக் கணக்கு தொடங்குவதற்காக ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. அவர் சிரித்த நேரத்திலெல்லாம் படம் எடுக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில், ஆலங்காயத்திலிருந்து மலைக்கு ஏறும் சாலையை ஒட்டிய சிற்றூரில் அண்ணன் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் பள்ளிப் படிப்பைக்கூட முடித்திருக்கவில்லை. அன்றிலிருந்து ஏர் அவர் கைக்கு வந்தது. அம்மாவைக் கடைசி வரை காப்பாற்றினார், என்னைப் படிக்க வைத்தார், ஆலங்காயத்தில் மளிகைக்கடை நடத்தும் குடும்பத்தில் எனக்குத் திருமணம் செய்து வைத்தார். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று டீக்கடைக்காரர், பஸ் நடத்துநர், முடிதிருத்துபவர் என்று ஒருவரையும் விடாமல் விசாரித்தார். மானம் போகிறதே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "கேட்டா இன்னா, வாயா தேஞ்சிப் பூடும்?" என்றார். அண்ணனை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன்.

எங்கள் குடும்பத்துக்கு இரண்டு துண்டு மானாவாரி நிலம். எங்கள் பக்கத்தில் அதைக் கொல்லை என்போம். கீழ்க்கொல்லையில் வேர்க்கடலையும் துவரையும் வரும். மலைச்சரிவில் இருக்கும் மேட்டுக்கொல்லையில் சாமை விதைப்போம். ஒரு கனமழை பெய்தால் மண்ணெல்லாம் கீழே ஓடிவிடும், கல்தான் மிஞ்சும். ஒரு வருடம் அண்ணன் அங்கே ஏர் ஓட்டுவதை நிறுத்தினார். சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு போட்டார், மழைநீர் தங்கக் குழி வெட்டினார், ஆடு புகாமல் முள்வேலி கட்டினார். மற்றதை அப்படியே விட்டார். ஊர் சும்மா இருக்குமா? சோம்பேறித்தனத்தால் கொல்லையைக் காடாக்கிவிட்டான் என்று பேசியது. விடியுமுன் எழுந்து கல் சுமந்த மனிதருக்குக் கிடைத்த பட்டம் அது! எனக்கு இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. அவருக்கு வரவில்லை.

சும்மா விட்டாலும் அதற்கு ஒரு முறை வேண்டும் என்று அவர் ஒவ்வொரு அலுவலகப் படியாக ஏறி இறங்கினார். வனத்துறை நாற்றங்காலில் கேட்டார். பட்டா நிலத்தில் நட இலவசமாகவே கன்று தருவார்கள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாவல், வேங்கை, நெல்லி, புங்கன் எல்லாம் அப்படி வந்தவை. வேளாண்மை அலுவலகத்தில் மண்ணைக் கொடுத்துப் பரிசோதித்துத் தரச் சொன்னார். கோடையில் மலையில் தீ பிடித்தால் கொல்லைக்குள் வராமல் இருக்க, சுற்றிலும் சருகைக் கூட்டித் தரையைச் சுத்தமாக வைக்கும் தீத்தடுப்புக் கோடு போடும் முறையை வனக்காவலர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். பட்டுப்போன இலுப்பை மரம் ஒன்றை விறகுக்கு வெட்டச் சொல்லி அண்ணி நச்சரித்தார். அதன் பொந்தில் கிளி குஞ்சு பொரித்திருந்ததால் அண்ணன் அசையவில்லை. அதே அண்ணன், காட்டுப்பன்றி இறங்கிக் கீழ்க்கொல்லை வேர்க்கடலையைத் தோண்டிய காலையில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நாவல் மரங்கள் காய்க்கத் தொடங்கியதும் குருவிகள் கூட்டமாக வந்தன. அவை எச்சமிட்ட இடத்தில்தான் சந்தனக் கன்றுகள் முளைத்தன. வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது நல்ல சேதியாகத் தோன்றும். எங்கள் பக்கத்தில் சந்தனக் கன்றைப் பார்த்தால் கை தானாகவே போய்ப் பிடுங்கும். வளரவிட்டால் கொடுவாளோடு திருடன் வருவான், இல்லாவிட்டால் கேள்வி கேட்க வனத்துறை கார்டு வருவார் என்று பயம். அரிசி, நெல் தெரிவதற்கு முன்பே எனக்கும் அண்ணனுக்கும் சந்தன இலை தெரியும். வேரோடு பிடுங்குவதற்காகவே அப்பா அதைக் காட்டிக் கொடுத்திருந்தார்.

அன்று நானும் ஊரில் இருந்தேன். கன்றை முதலில் பார்த்த அண்ணி குனிந்துவிட்டார்.

"வுடு, கை வைக்காத," என்றார் அண்ணன்.

"நமக்கு ஏங்க வம்பு? நாளைக்கு எவனாச்சும் வெட்டிக்கினு போனா நீங்கதான் ஜெயிலுக்குப் போவணும்."

"புடுங்கறதுக்கு இன்னா, எப்ப வேணா புடுங்கலாம். மொதல்ல கேட்டுட்டு வர்றேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு நேராக வனச்சரக அலுவலகத்துக்குப் போய், என் நிலத்தில் சந்தனம் முளைத்திருக்கிறது என்று அவரே சொன்னார். தானாகப் போய் மாட்டிக்கொண்டான் என்றது ஊர். அவர் திரும்பி வரும்வரை அண்ணி அடுப்புப் பற்றவைக்கவில்லை.

அந்த வாரமே வனவர் வந்தார். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். வனவர் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, அந்தக் காலம் போயிடுச்சி. பட்டா நெலத்துல வளர்றது உங்க மரம்தான். ஆனா நீங்களா வெட்டக் கூடாது. மரம் முத்தினதும் எழுதிக் குடுங்க. துறையே வெட்டி வித்து உங்க பங்கைக் குடுத்துடும்," என்றார். மரங்களைக் கிராமக் கணக்கில் பதிந்துகொள்ளும் வழியையும் சொல்லிக் கொடுத்தார்.

பயம் போனதும் அண்ணிக்குப் பாசம் வந்துவிட்டது. ஒரு கன்றைச் சுற்றிப் புல் பூண்டு இல்லாமல் கொத்தி, கோலம் போடலாம் போலச் சுத்தம் செய்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். அந்தக் கன்று மட்டும் காய்ந்துபோனது. அண்ணன் மறுபடியும் கேட்கப் போனார். சந்தனத்தின் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டுதான் பிழைக்குமாம். களை என்று எடுத்துப் போட்டதெல்லாம் அதற்குத் தாய்ப்பால்! அன்று முதல் அண்ணியின் களைக்கொத்து மேட்டுக்கொல்லைக்குப் போகவில்லை.

மற்ற கன்றுகள் மரங்களாகிவிட்டன. சரிவில் உள்ள இலுப்பைகள் பூக்கும் காலத்தில் அங்கே கரடி வந்து போகிறது. கல்லூரி மாணவர்கள் பறவை பார்க்க வருகிறார்கள். சோம்பேறி என்று சொன்னவர்களின் நிலத்திலும் இன்று கல் வரப்பு இருக்கிறது, நாற்றங்கால் கன்று இருக்கிறது. யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர்கள் வந்து கேட்டது அண்ணனிடம்தான். அவர் கூடவே போய் அலுவலகத்தைக் காட்டிவிட்டு வருவார்.

சென்ற ஆண்டு மாசியில் மூச்சுத்திணறல் வந்து வாணியம்பாடி மருத்துவமனையில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு அவர் என்னிடம் கேட்டது, "கோடு போட்டாங்களா?" என்பதுதான். தீத்தடுப்புக் கோட்டைச் சொல்கிறார். ஊர்க்காரர்கள் அதற்கு முந்தைய நாளே சருகைக் கூட்டி முடித்திருந்தார்கள். சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்கு அழைத்து வந்த சில நாட்களில் அமைதியாகப் போய்விட்டார். எனக்கு அப்பா முகம் சரியாக நினைவில்லை. அண்ணன் போனபோதுதான் எனக்கு அப்பா இறந்தார்.

அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்த ஊர் மக்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கேட்டபோதெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன வனத்துறை, வேளாண்துறை அலுவலர்களுக்கும், கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் நன்றி.

அண்ணிக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அதற்குக் காரணத்தையும் எழுத வேண்டும்.

அண்ணனைத் தகனம் செய்த நாளன்று எங்கள் பங்காளி ஒருவர், "ஒரு கொல்லை நெறைய சந்தனம் வெச்சிக்கினு, அண்ணனுக்கு ஒரு கட்டை வெக்காம அனுப்பறதா?" என்று கொடுவாளை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறத் தொடங்கினார். ஆசையில் சொன்னதுதான், தப்பில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அண்ணி எழுந்து போய் வேலிப் படலை மறித்து நின்றார்.

"யாரைக் கேட்டு வெட்டப் போற?"

மாலையோடு வந்திருந்த வனவருக்கே சங்கடமாகிவிட்டது. "ஒரு சின்னக் கிளைதானேம்மா. இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார்.

"நீங்க சொல்ல மாட்டீங்க சார்," என்றார் அண்ணி. "அவரு சொல்வாரு."

பங்காளி கொடுவாளைக் கீழே வைத்துவிட்டார். ஆலங்காயத்து விறகுக் கடையிலிருந்து வந்த வேலங்கட்டையில்தான் எங்கள் அண்ணன் எரிந்தார். மேட்டுக்கொல்லையில் சந்தனம் அப்படியே நிற்கிறது.