ரங்கூனுக்கு அனுப்பிய வாசனை

ஓர் இடத்தை எழுதும்போது கண் பார்த்ததை மட்டும் எழுதினால் போதாது; மூக்கும் காதும் நாக்கும் அறிந்ததையும் எழுத வேண்டும். கல்லூரியில் ஒரு கட்டுரைப் பயிற்சி நூலில் இதைக் கற்றேன். அறிவுரை சரியானதுதான். அதைக்கொண்டு நான் ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன்.

அப்போது ராயபுரத்தில், ரயில் நிலையத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. மாலை வேளைகளில் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்துவிடும். தபால்காரருக்கு என் கையெழுத்து நன்றாகத் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அக்கா சொல்ல நான் எழுதுவேன். அந்த ஐப்பசியில் அவள் சொல்ல வந்தது ஒன்றுதான். பெரிய பெண்ணுக்கு எண்ணூரில் மாப்பிள்ளை பேசியாயிற்று, வைகாசியில் கலியாணம். அதுவரை அவர் அங்கே இருந்து சம்பாதித்தால்தான் அது நடக்கும். அவரோ ஊருக்கு வருகிறேன் என்று கடிதத்துக்குக் கடிதம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"இப்ப வராதேன்னு எய்து நைனா. வேற ஒண்ணும் வாணாம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் உலை கொதிக்கிறது என்று அக்கா போய்விட்டாள்.

எழுதினேன். மூன்று வரியில் முடிந்தது. தாளில் நிறைய இடம் மிச்சம் இருந்தது.

அந்த இடத்தில் ஊரை எழுதினேன். முதல் மழையில் சந்து மண் கிளப்பிய வாசனை. ஈர வலைகளின் உப்பு வீச்சம். தணலில் நெத்திலிக் கருவாடு சுட்டால் அடுத்த தெருவிலும் ஒருவன் தட்டைத் தேடுவான் என்பது. விடியுமுன் மாதா கோவில் மணி, அதன் பின்னால் சரக்கு வண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் ஓசை. சின்னப் பெண்ணின் ஈரத்தலையில் சீயக்காய் மணம். இரவெல்லாம் பித்தளைக் குடத்தில் மழைத்துளி விழும் சத்தம். அக்கா குடத்தை வீட்டுக்குள் வைத்திருந்தது கூரை ஒழுகியதால் என்பதை எழுதவில்லை. அது வாக்கியத்தின் அழகைக் கெடுத்தது. சாக்கடையையும் அழுகிய மீன்தலைகளையும் அதே காரணத்துக்காக விட்டுவிட்டேன். முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே பசித்தது.

மார்கழியில் ஒரு காலை, தகரப்பெட்டியோடு அவர் சந்தில் வந்து நின்றார். வேலையை விட்டுவிட்டாராம். உடன் தங்கியிருந்த ஒருவர் கடிதத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார். தினமும் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். திருவொற்றியூர்க்காரர் ஒருவரும் கூட உட்கார்ந்து அழுதாராம்.

"சோறே எறங்கல தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் சந்தோஷப்பட்டேன். ஒப்புக்கொள்ள வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. என் எழுத்துக்குக் கிடைத்த முதல் வாசகர் அவர்.

அக்கா சந்தோஷப்படவில்லை. வராதே என்று எழுதினேனா இல்லையா என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். அப்படியானால் படி என்றாள். அவர் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துத் தந்தார். முழுவதையும் படித்தேன். குரலில் ஏற்ற இறக்கம்கூடக் கொடுத்தேன்.

அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பிறகு, "ஒழுவுற கூரைய இப்டி எய்திகிறியே. ஒழுவுதுன்னு ஒரு வார்த்த எய்தியிருந்தா, ஓடு மாத்தணும்னு அவரு அங்கியே கெடந்திருப்பாரு" என்றாள். கத்தவில்லை. உள்ளே போய்ப் புருஷனுக்குச் சோறு போட்டாள்.

கடிதத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எண்ணூர்க்காரர்கள் ஆனி வரை பொறுத்தார்கள். பிறகு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அக்காவின் பெண்ணைப் புளியந்தோப்பில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அக்காவின் புருஷனுக்குத் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கும் வேலை கிடைத்தது. என் சிபாரிசில்தான். கரித்தூள் மூக்கை அடைத்து இப்போது எந்த வாசனையும் தெரிவதில்லை என்று ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. இருமிக்கொண்டே சொன்னார்.

கலியாணம் நின்றுபோன அதே மாதம், கடிதத்தின் பின்பகுதியை நகலெடுத்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அது திரும்பி வரவில்லை. அச்சில் வந்தது. ஆபீசில் தலைமைக் குமாஸ்தா கையைக் குலுக்கினார்.

அன்று மாலை பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தேன். அக்காவின் புருஷன் வாசலில் குந்தியிருந்தார்.

"தம்பி, அந்த ரங்கூன் காயிதம் உங்கிட்ட கீதா? ஒரு தபா படிச்சிக் காட்டேன்."

இல்லை என்றேன். அது எங்கே போயிற்றோ தெரியவில்லை என்றும் சொன்னேன். சரி, பரவாயில்லை என்று எனக்கு வழி விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.