தெய்வம்மா எடுத்துக் கொடுத்த அளவு

கீழ் கோத்தகிரியில் தெய்வம்மா தேயிலைக் கொழுந்தை நிறுத்துச் சொன்னால் யாரும் மறுபடி தராசைப் பார்ப்பதில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றாலும் கால் கிலோ பிசகியதில்லை. அதைவிடப் பெரிய பெருமை அவளுக்குத் தங்கை ரஞ்சனி.

எடை பதியும் செயலிக்கு ஒரு கம்பெனி வாடகையை ஏற்றிக்கொண்டே போக, ரஞ்சனி இலவசமாக ஒன்றை எழுதினாள். பழகிய கை தடுமாறக் கூடாதென்று பொத்தான்களை அதே இடங்களில் வைத்தாள். உள்ளே ஓடுவதெல்லாம் அவள் எழுதியது. ஆனாலும், திரையின் அமைப்பே எங்கள் பதிப்புரிமை, நிறுத்து என்று கம்பெனி நோட்டீஸ் அனுப்பியது. 'பொத்தான் இருக்கும் இடத்துக்கு யாரும் பட்டா போட முடியாது' என்று எழுதிய தாளோடு ரஞ்சனி தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பினாள். முதல் வரியை அக்காவுக்கென்று காலியாக விட்டிருந்தாள்.

அந்த வாரம் எடைக் கொட்டகைக்கு ஒருவர் வந்தார்.

"ஏனுங்க, ரெண்டு ஆப்பும் ஒரே மாதிரிங்களா?"

செயலியை வேறு எஸ்டேட்டுக்கு எடுக்க வந்தவர் என்று தெய்வம்மா தானாகவே நினைத்துக்கொண்டாள்.

"ஒரு நூல் பிசகாதுங்க. எந்தங்கச்சி பாத்துப் பாத்துச் செஞ்சதாக்கும்!"

அதோடு விட்டாளா? இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, ஸ்கேலால் ஒவ்வொரு பொத்தானையும் மில்லிமீட்டர் வரை அளந்து, கட்டம் போட்டு எழுதி, தேதியும் கையெழுத்தும் இட்டுக் கொடுத்தாள்.

"அவரு மூக்கையும் அளந்து குடுத்துருடி," என்றாள் கொழுந்து மூட்டையோடு நின்ற கருப்பம்மா.

இரண்டாவது நோட்டீஸோடு அந்த அளவுத் தாளின் நகல் வந்தது. பார்த்துக் காப்பியடித்ததற்கு வீட்டாரே சாட்சியாம். தன் நேர்கோடுகளைப் பார்க்கப் பார்க்கத் தெய்வம்மாவுக்கு உடம்பு கூசியது.

"கம்பெனி ஆளுன்னு தெரியாது பாப்பா."

"ஒண்ணா இருக்கறத நாம மறைக்கலயேக்கா. அது குத்தமில்லன்னுதானே சொல்றோம்." ரஞ்சனி நோட்டீஸை மடித்தாள். "ஆனா, இனி நீ யார்ட்டயும் பேச வேணாம்னு வக்கீல் சொல்றாரு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் கொட்டகையில் கையெழுத்துப் போட வரிசை நின்றது. தெய்வம்மா எழுந்தாள். "அந்த அளவக் குடுத்தது நாந்தான். தெரிஞ்சிக்கிட்டுப் போடுங்க."

யாரும் வரிசையை விட்டுப் போகவில்லை. "அளந்தவ கையெழுத்த முதல்ல போடச் சொல்லுங்கடி!" என்று கருப்பம்மா சத்தம் போட்டாள். ரஞ்சனி பேனாவை நீட்டினாள்.

எல்லோரும் போட்டு முடித்தபிறகு, தெய்வம்மா தாளின் அடியில் கடைசி ஆளாகப் போட்டாள். முதல் வரி காலியாகவே இருந்தது.