பந்தயத்துக்கு நாயைக் கூட்டிப் போனது

குதிரை வண்டிப் பந்தயம் நடக்கிற ரோட்டுக்கு நாயைக் கொண்டு வரக்கூடாது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. வேட்டை நாய் வளர்க்கிற இளவட்டங்கள் அதற்குப் பெல்ட்டு மாட்டி, சங்கிலி போட்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்று ரோட்டோரத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள். குதிரை பாய்ந்து வரும்போது அது வாயை மூடிக்கொண்டா இருக்கும்? ஒன்று குரைத்தால் ஊரில் உள்ளதெல்லாம் குரைக்கும். குதிரை மிரண்டு ஒதுங்கினால் சக்கரம் வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள் மேல்தான் ஏறும். வாயில்லாச் சீவனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, கூட்டிக்கொண்டு வந்த புண்ணியவானைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் இதை நான் சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். "நீ பேசாத தாயி" என்பார்கள். எங்கள் ஊர் பரளச்சிக்குப் பக்கம். அம்மன் கோயில் பொங்கலுக்குப் பந்தயம் விடும்போது, நாய் கொண்டு வந்தவர்கள் திரும்பிப் போய்விடுங்கள் என்று மைக்கில் சொல்கிற வழக்கம் வந்ததே என்னால்தான் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அந்த அறிவிப்பு வரும்போது யாராவது ஒருத்தர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நானும் சிரித்து வைப்பேன். சிரித்து முடித்ததும் சின்ன மாமாவை உடனே பார்க்க வேண்டும் போல இருக்கும்.

அம்மாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி, கல்யாணமாகாத ஒரு தங்கை. எங்கள் வீடும் மாமாக்கள் வீடும் அடுத்தடுத்த வீடுகள். பெரிய மாமா சவுதியில் பல வருஷம் சம்பாதித்துத் திரும்பி வந்து ஊரில் உரக்கடை வைத்திருந்தார். வீட்டில் அவர் சொல்தான் சொல். சின்ன மாமாவுக்குச் சொல் எதுவும் கிடையாது, குதிரைதான் இருந்தது. பருத்திக்காட்டு வேலைக்குக் கூப்பிட்டால் குதிரைக்குத் தண்ணீர் காட்டணும் என்பார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் குதிரை தனியா இருக்கும் என்பார். "இவனுக்குப் பொண்ணு பாக்குறதவிட ஒரு குதிரையப் பாத்துக் கட்டி வைக்கலாம்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தக் குதிரைக்கு மைனா என்று பெயர். செம்பட்டை நிறம், நெற்றியில் கொஞ்சம் வெள்ளை. தாயை இழந்த குட்டியாக மாமா அதை மேற்கே ஏதோ சந்தையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்த புதிதில் அது ராத்திரியும் பகலும் கனைத்துக்கொண்டே கிடந்ததாம். அப்போது தெருவில் திரிந்த ஒரு நாய்க்குட்டி கொட்டகைக்குள் புகுந்து அதன் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டது. அன்றோடு கனைப்பு நின்றது. அப்புறம் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. நாய் பக்கத்தில் இல்லாவிட்டால் மைனா புல்லில் வாய் வைக்காது. எதற்கெடுத்தாலும் எதிர்த்து வாதாடுவதுபோல் குரைத்துக்கொண்டே இருந்ததால் நாய்க்கு வக்கீல் என்று பெயர் வைத்தோம்.

சின்ன மாமாவின் மூளை குதிரை விஷயத்தில் மட்டும் நன்றாக வேலை செய்யும். ஒருமுறை திருச்சுழிப் பக்கத்துப் பந்தயத்துக்கு வக்கீல் கயிற்றை அறுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துப் பயந்து, பந்தயம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் நின்று ஊளையிட்டது. கடைசிக்கு முந்தியதாக வந்துகொண்டிருந்த மைனா அந்தச் சத்தம் கேட்டதும் பறந்து வந்து இரண்டாவதாக நின்றது. எல்லோரும் சாட்டையின் திறமை என்றார்கள். மாமா மட்டும் நாயைப் பார்த்தார். அடுத்த பந்தயத்துக்கு என்னையும் வக்கீலையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய், கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்.

"இங்கயே நில்லு மருமகளே. மைனா தலை தெரிஞ்சதும் அதக் கொலைக்க விடு. கயித்த மட்டும் விட்டுறாத."

அவ்வளவுதான் தந்திரம். வக்கீலைத் தேடி மைனா ஓடி வரும். வருகிற வழியில் கோடு இருக்கும். பந்தயம் பார்க்கப் பெண் பிள்ளைகள் வருவது அபூர்வம். நானோ நாயும் கையுமாக முன்வரிசையில் நிற்பேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். ஜெயித்த குதிரைக்கு மாலை போடும்போது மாமா அதில் பாதியை அறுத்து வக்கீல் கழுத்தில் போடுவார். அன்றைக்கெல்லாம் என் கால் தரையில் பட்டதே இல்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பருத்தி பூவோடு கருகியது. பெரிய மாமா சின்ன மாமாவுக்கு விசா ஏற்பாடு செய்துவிட்டு வந்து, சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"ஏலே, நம்ம ஊர்ப் பொங்கலுக்கு மைனாவ ஓட்டு. நெல்லைப் பக்கமிருந்து ஒருத்தரு பாக்க வாராரு. ஜெயிச்ச கையோட அவருக்குக் குடுத்துருவோம். அந்தப் பணத்த விசாவுக்குக் கட்டிட்டு நீ கிளம்பு."

"தோத்துட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"தோத்த குதிரைய எவன் கேப்பான்? அப்பறம் இவன் இங்கயே கெடந்து அதுக்குப் புல்லு அறுக்க வேண்டியதுதான்."

சின்ன மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரிண்ணே" என்றார். அவர் அப்படி உடனே சரி சொல்லி நான் பார்த்ததில்லை.

பெரியவர்கள் பேசியது எல்லாம் என் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன பிரயோசனம், எட்டு வயதின் கணக்கு வேறு. ஜெயித்த குதிரையைப் போய் யாராவது விற்பார்களா? ஜெயித்த ஆளை யாராவது ஊரை விட்டு அனுப்புவார்களா? மைனா முதலாவதாக வந்துவிட்டால் பெரிய மாமாவே மனம் மாறிவிடுவார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். மாமா சவுதிக்குப் போகாமல் இருப்பது என் கையிலும் வக்கீலின் வாயிலும்தான் இருக்கிறது என்று நம்பினேன். அம்மனுக்கு நேர்த்திக்கடன்கூட வைத்தேன், மொட்டை போடுகிறேன் என்று. எனக்கு அல்ல, வக்கீலுக்கு.

பொங்கலன்று காலையிலேயே வம்பு ஆரம்பித்துவிட்டது. பாளையம்பட்டியிலிருந்து குதிரை கொண்டு வந்திருந்த ஆட்டு வியாபாரி ஒருத்தர் எங்கள் தந்திரத்தை எப்படியோ மோப்பம் பிடித்திருந்தார். கமிட்டி மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைக் கை காட்டினார்.

"இந்த நாயி வேடிக்கை பாக்க வந்துச்சா, பந்தயம் ஓட வந்துச்சா? அதக் கேட்டுச் சொல்லுங்க மொதல்ல."

சின்ன மாமா அசரவில்லை. "எம் மருமக வேடிக்கை பாக்க வந்திருக்கா. நாயி அவ கூட வந்திருக்கு. அங்கிட்டுப் பாருங்க, எத்தன பேரு நாயோட நிக்கிறாக. அவுகளுக்கு ஒரு ஞாயம், சின்னப்புள்ளைக்கு ஒரு ஞாயமா?"

கமிட்டிப் பெரியவர் குழம்பிப் போனார். நாயைப் பற்றி அதுவரை எந்தச் சட்டமும் இல்லை. கட்டுப்பாடெல்லாம் குதிரைக்கும் சாரதிக்கும்தான். வக்கீல் அவரைப் பார்த்து மூச்சு விடாமல் குரைத்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்கிட்டாச்சும் நிக்கட்டும்ப்பா. கயித்த விட்டுறாத பாப்பா" என்று தீர்ப்புச் சொன்னார். ஆட்டு வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வண்டியைப் பூட்டுவதற்கு முன்னால் சின்ன மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவ கோட்டுக்கிட்ட வேணாம் மருமகளே. பாலம் இருக்குல்ல, அதுக்கு இங்கிட்டு நில்லு."

பாலம் என்றால் ஓடைக்கு மேலே போட்ட சின்னத் தரைப்பாலம். அங்கிருந்து கோட்டுக்கு இன்னும் நல்ல தூரம் இருந்தது.

"கோடு அங்கிட்டுல்ல மாமா இருக்கு?"

"கோட்டுக்கிட்ட ஒரே கூட்டம். மிதிச்சுப்புடுவாங்கெ. பாலந்தான் ஒனக்குத் தோது. சொன்னதச் செய்யி கண்ணு."

மாமா சொன்னால் அதில் ஏதாவது புதுத் தந்திரம் இருக்கும் என்று நினைத்தேன். வண்டிகள் கிளம்பிப் போன பிறகு வக்கீலை இழுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. சீமைக்கருவேல நிழலில் ஐஸ்காரர் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய மாமாவும் நெல்லைக்காரரும் நிற்பது தெரிந்தது. நெல்லைக்காரர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ் என்று வந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வண்டிகள் போய், எல்லையில் திரும்பி வருகிற சத்தம் முதலில் பைக் ஹாரன்களாகத்தான் கேட்டது. பிறகு தூசி. தூசிக்குள்ளிருந்து மைனாவின் வெள்ளை நெற்றி வந்தது. முன்னால் யாருமே இல்லை! பாளையம்பட்டிக் குதிரை வெகுதூரம் பின்தங்கி வந்துகொண்டிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் விசில் பறந்தது. நான் துள்ளிக் குதித்தேன். "கொலைடா, கொலைடா" என்று கத்தினேன். வக்கீலுக்குச் சொல்லியா தர வேண்டும்? தொண்டை கிழியக் குரைத்தது.

மைனாவின் காது எங்கள் பக்கம் திரும்பியது. நேராக வந்துகொண்டிருந்த குதிரை ரோட்டை விட்டு ஒதுங்கியது. ஓட்டம் நடையானது. நடை நின்றது. சாவகாசமாக எங்கள் முன்னால் வந்து தலையைத் தாழ்த்தி, வக்கீலின் முகத்தில் மூக்கை வைத்து உரசியது. வக்கீல் வாலை ஆட்டிக்கொண்டு மைனாவின் வாயை நக்கியது. வண்டிக்கு மேலே சின்ன மாமா உட்கார்ந்திருந்தார். சாட்டை அவர் மடியில் கிடந்தது. கடிவாளக் கயிறு தொய்ந்து தொங்கியது. "ஏ, ஏ" என்று வாயால் மட்டும் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டுங்க மாமா! அடிங்க மாமா!" என்று நான் அலறினேன்.

பாளையம்பட்டிக் குதிரை எங்களைத் தாண்டியது. அடுத்தது தாண்டியது. கடைசிக் குதிரையும் தாண்டிப் போனது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. குச்சி ஐஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தவர்களையும் பார்த்தேன்.

பெரிய மாமா செருப்பில்லாமல் ஓடி வந்தார். "ஏ கழுத! கோட்டுக்கிட்ட நிக்காம இங்க எதுக்குடி வந்து நின்ன? குடியக் கெடுத்துட்டியே!" என்று என்மேல் கையை ஓங்கினார்.

சின்ன மாமா வண்டியிலிருந்து குதித்து நடுவில் வந்தார். "புள்ளையத் தொடாதீக. நாந்தான் நிக்கச் சொன்னேன். தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்" என்றார். அதற்குள் மைக் கரகரத்தது. இனிமேல் இந்தப் பந்தயத்தில் எவரும் எந்த நாயையும் கொண்டு வரக்கூடாது, சங்கிலி போட்டிருந்தாலும் கூடாது, சின்னப்பிள்ளை கையில் இருந்தாலும் கூடாது என்று கமிட்டிப் பெரியவர் மூன்று தரம் அறிவித்தார். நெல்லைக்காரர் பாளையம்பட்டிக் குதிரையின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வண்டியிலேயே போனோம். நான் அழுத அழுகையில் மூக்கு அடைத்துக்கொண்டது. மாமா நிறுத்திச் சீனிச்சேவு வாங்கித் தந்தார். வாங்கியதில் பாதியை மைனாவுக்கே ஊட்டினார். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இனி ஒன்ன எவன் கேப்பான்டி? ஒரு பய கேக்க மாட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தோற்றுப்போன மனுஷருக்கு இப்படியா சிரிப்பு வரும்? என்னைத் தேற்றத்தான் நடிக்கிறார் என்று எனக்கு அழுகை இன்னும் கூடியது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் மாமா எங்களோடு இருந்தார். இப்போது யோசித்தால், நான் திரும்பப் போக ஆசைப்படுகிற நாட்கள் அவைதாம். பள்ளிக்கூடம் விட்டதும் கண்மாய்க்கரையில் என்னை மைனா மேல் ஏற்றிவிட்டு அவர் கூடவே ஓடி வருவார். வக்கீல் முன்னால் ஓடும். பெரிய மாமா அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சின்ன மாமாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அடுத்த மழையும் ஏமாற்றியது. சித்திக்கு மாப்பிள்ளை அமைந்தது. யாரும் வற்புறுத்தவில்லை, சின்ன மாமாவே, "நான் போறேண்ணே" என்றார். மைனாவைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். லாரியில் ஏற்றும்போது மாமா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வக்கீல் கொட்டகை வாசலிலேயே கிடந்தது. குரைப்பதை விட்டுவிட்டது.

மாமா இன்னும் அங்கேதான் இருக்கிறார். லீவில் வந்தால் எண்ணி எண்ணி இருந்துவிட்டுப் போய்விடுகிறார். பொங்கலுக்கு ஒருதரம்கூட அவருக்கு லீவு கிடைத்ததில்லை. போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம். அந்த முகத்தில் என் மாமா எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

அவர் முதல்முதலாகக் கிளம்பிய அன்று மதுரை பஸ் ஏற்றிவிட வீடே போய் நின்றது. பஸ் தலை தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு நான் இன்னுங் கொஞ்சந் தள்ளிக் கோட்டுக்கிட்ட நின்னுருந்தா மைனா ஜெயிச்சிருக்கும்ல? நீங்க போக வேண்டியிருந்திருக்காதுல்ல மாமா?"

மாமா குனிந்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"நீ சரியான எடத்துலதான் நின்ன மருமகளே" என்றார்.

நான் அழுகிறேன் என்று சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த தடவை சத்தியமாகக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நிற்கிறேன், நீங்கள் சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.