பாதிக் கண்ணாடி

ஒரே வீட்டில் இரண்டு பேர் கண்ணாடியை உடைத்தே பிழைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? அண்ணி கம்ப்யூட்டரில் உடைப்பாள். அவள் கணவனின் தம்பி நிஜமாகவே உடைப்பான். இருவருக்கும் வேலை, கேக் சுடும் அடுப்பின் கதவுக்குக் கண்ணாடி செய்யும் ஓர் ஆலையில். மாடியில் அவள் அறை, கீழே அவனுடைய சோதனைக்கூடம். 'உடைப்பு' என்றுதான் ஆலையில் அவனுக்குப் பட்டப்பெயர். வீட்டில் தம்ளர் கைதவறி விழுந்தாலும் பழி அவன் தலையில்தான் விழும்.

அந்த வாரம் அண்ணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திரையில் கண்ணாடித் தகட்டின் விளிம்பில் நட்டநடுவே சின்னக் கீறல் போட்டு அழுத்தினால், விரிசல் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. கீழேயும் அதே கீறல், அதே அழுத்தம்தான். ஆனால் அங்கே விரிசல் கொஞ்ச தூரம் போய் ஒரு தகட்டில் இடப்பக்கம் திரும்பியது, இன்னொன்றில் வலப்பக்கம். பொய் சொல்வது கணக்கா, கண்ணாடியா? கணக்குப் போடத் தகட்டைப் பிரித்திருந்த கட்டங்களை இன்னும் பொடியாக்கிப் பார்த்தாள். சனியன், முன்னைவிட நேராகப் போனது.

மேனேஜர் வேறு அவளிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருந்தார். "ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா கீழ சோதனைக்கூடத்தை மூடிடலாம்மா. கண்ணாடியும் மிச்சம், ஆளும் மிச்சம். ஒத்துப்போகலைன்னா உங்க வேலைக்குத்தான் அர்த்தமில்ல."

மிச்சமாகப் போகிற அந்த ஆள், அவள் பிள்ளைகளைத் தோளில் சுமந்து திரிகிறவன். எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே தெரியாமல் தவித்தாள், பாவம்.

மத்தியானம் அவன் உடைந்த தகட்டோடு மேலே வந்தான். "இந்தாங்க அண்ணி, இன்னிக்கு உடைச்சது. பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு."

சமமில்லாத அந்த இரண்டு துண்டுகளையும் மேஜையில் சேர்த்து வைத்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிற பொருளுக்குப் பாதியை மட்டும் வரைந்து, மறுபாதியும் அப்படியே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுவது அவர்கள் வழக்கம். நேரம் மிச்சமாகும். இந்தப் பாதி செய்வதையே அந்தப் பாதியும் செய்தாக வேண்டுமென்றால், விரிசல் எந்தப் பக்கம் திரும்பும்?

"அடக் கடவுளே, திரும்ப வழியே விடாம வச்சுட்டு, நேரா போறியேன்னு திட்டினேனே!"

முழுத் தகட்டையும் வரைந்தாள். நிஜக் கண்ணாடியில் இருப்பதுபோல அங்கங்கே சின்னச் சின்னப் பலவீனங்களையும் தூவினாள். சாயங்காலம் திரையில் விரிசல் கிளம்பி, கொஞ்ச தூரம் போய், சாவகாசமாக இடப்பக்கம் திரும்பியது. பலவீனங்களை மாற்றித் தூவினால் வலப்பக்கம் போனது.

பார்க்க வந்திருந்த உடைப்பு கைதட்டிக் குதித்தான். "அச்சு அசல் என் கண்ணாடி! அண்ணி, ஜெயிச்சிட்டீங்க! ஏன் அழறீங்க?"

"தெரியலப்பா." அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அழுகை சந்தோஷத்திலா, பயத்திலா?

"இருங்க, மேனேஜர்கிட்ட நானே சொல்லிட்டு வரேன்."

"நில்லு தம்பி, வேணாம்!"

"சும்மா இருங்க அண்ணி. உங்க பெருமையை நீங்களா என்னைக்குச் சொல்லியிருக்கீங்க?"

அவள் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் அவன் மேனேஜர் அறைக் கதவைத் தட்டிவிட்டான்.