ராட்டினமும் இரண்டு மணி பஸ்ஸும்

எனக்கு அப்போது எட்டு வயது. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்தோம். அம்மாவின் தங்கை கொழும்பில் கார்மெண்ட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். வருஷத்தில் இரண்டு முறைதான் லீவு. பொங்கலுக்கு வந்தால் நாலு நாள் இருப்பாள். அந்த நாலு நாளும் சித்தி எனக்கே சொந்தம் என்பது நானாகவே போட்டுக்கொண்ட சட்டம்.

அந்த வருஷம் பதுளையில் கார்னிவல் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலமே அழ ஆரம்பித்து, நாலாம் நாள் காலையில் சித்தியை இழுத்துக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறிவிட்டேன். மறுநாள் விடிந்ததும் சித்தி கொழும்புக்குப் போகவேண்டும். அதனால் அம்மா அன்று அரைநாளோடு கொழுந்து மலையிலிருந்து இறங்கிவிடுவதாகச் சொன்னாள். இரண்டு மணி பஸ்ஸை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

பதுளையில் நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஐஸ்பழம் கிடைத்தது, பஞ்சு மிட்டாய் கிடைத்தது. ராட்டினத்தில் மட்டும் சித்தி ஏறவில்லை. தலை சுற்றும் என்று கீழேயே நின்றுகொண்டாள். மேலே போகும்போது வயிற்றுக்குள் ஏதோ கூசும். டவுன் முழுக்க என் காலுக்குக் கீழே கிடக்கும். இறங்கியதும் அது போய்விடும். அதனால் மறுபடி ஏறவேண்டியிருந்தது. மூன்றாம் தடவை இறங்கியபோது சித்தி சொன்னாள்:

"போதும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை என்றேன். எனக்கு இல்லையென்று சொல்லச் சித்திக்குத் தெரியாது.

ஓட்டமாக ஓடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது நாலரைக்குத்தான். சித்தி பெஞ்சில் உட்கார்ந்து லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பசிக்கிறதாக்கும் என்று நினைத்து மிச்சமிருந்த பஞ்சு மிட்டாயை நீட்டினேன். என் மனசு கோணாமல் இருக்கக் கொஞ்சம் பிய்த்துத் தின்றாள்.

வீடு சேரும்போது பனி இறங்கி இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா வாசலிலேயே நின்றாள். மத்தியானமே சுட்டு மூடிவைத்த ரொட்டி ஆறி விறைத்துப்போயிருந்தது. சித்தி அதை அடுப்பில் வாட்டி, மாசிச் சம்பலோடு ஒன்று விடாமல் தின்றாள். அப்புறம் அம்மா அவள் தலையை அவிழ்த்து எண்ணெய் வைத்தாள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களின் ஆடு குட்டி போட்டது, சித்தியின் போர்டிங்கில் ஒரு பிள்ளை தூக்கத்தில் பாட்டுப் பாடுவது, இப்படித்தான். சித்தி கண்ணை மூடி அம்மாவின் முழங்காலில் சாய்ந்திருந்தாள். என்னை இரண்டு பேரும் மறந்தே போனார்கள்.

இதற்காகவா பஸ் ஸ்டாண்டில் அழுதாள்? எனக்குச் சித்திமேல் இரக்கமாக இருந்தது. கொழும்பில் ராட்டினம் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, கடற்கரைப் பக்கம் போட்டால் கூட வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் போவார்கள் என்றாள்.

"அப்புறம் எதுக்குச் சித்தி இங்க வர்றீங்க?"

சித்தி கழுத்தைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அடக்க முடியாமல், சித்திக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. ஏதோ கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து, நானும் சேர்ந்து சிரித்தேன்.