வாசலில் நின்ற மச்சாள்

பலிபீடத் துணியை அயர்ன் பண்ணி முடித்ததும் மச்சாள் அதன் ஓரத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பார். சுருக்கம் தட்டுப்பட்டால் துணி திரும்பவும் மேசைக்குப் போகும். கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் கோயிலின் கீழ்த்தளத்தில், பேஸ்மன்றில், சனிக்கிழமைகளில் அவரைப் பார்த்த அந்தக் கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. என் கணவரின் மூத்த சகோதரி அவர், மன்னாரிலிருந்து வந்தவர். கிழமை நாட்களில் மிசிசாகாவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறவர், அதே வேலையைக் கோயிலில் செய்யும்போது வேறொருவராகத் தெரிவார்.

ஒரு தவக்காலத்தில் பாதர் வேதாகம வகுப்பு நடத்தினார். இஸ்ரயேலர் பாலைவனத்தில் திருக்கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு புறப்படும்போது, அதைச் சுமக்கும் வேலை, இறைபணிக்கென்றே ஒதுக்கப்பட்ட லேவியர் குலத்துக்குப் பங்கிடப்பட்ட பகுதியை விளக்கினார். ஒரு குடும்பத்துக்குத் திரைகள். இன்னொன்றுக்கு மரச்சட்டங்கள், கூடார முளைகள், கயிறுகள். வேறொன்றுக்கு மூடிப் போர்த்திய திருப்பொருள்கள். அவற்றைத் தொட்டால் சாவு. மற்றவர்கள் எல்லாரும் அந்தச் சாவைப் பற்றியே கேள்வி கேட்டார்கள். மச்சாளின் மனம் முளைகளில் நின்றுவிட்டது. காரில் வரும்போது, “முளையையும் கயித்தையும்கூடப் பேர் சொல்லித்தான் குடுத்திருக்கு, பாத்தீரே? ஆண்டவருக்கு முன்னால சின்ன வேலை எண்டு ஒண்டில்லை” என்றார்.

அவருடைய ஒழுங்கில் இரக்கம் குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உதவிக்கு வந்த ஒரு இளம்பெண், பூசைப் பாத்திரம் துடைக்கும் துணியில் இருந்த வைன் கறையைக் கவனிக்காமல் சூடான அயர்னை வைத்துவிட்டாள். கறை நிரந்தரமாகிவிட்டது. மச்சாள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: “உமக்கு இந்த வேலை வராது பிள்ளை. போய்க் கதிரை அடுக்கும்.” அவள் படிக்கட்டில் குந்தியிருந்து அழுதாள். ஆனால் கோயிலை விட்டுப் போகவில்லை. வருடக்கணக்காக, சனங்கள் இருக்கும் கதிரைகளை அடுக்கினாள். கொமிற்றிக்காரரோடு பழகினாள். கடைசியில் பீடக் குழுவுக்கே பொறுப்பாளராகிவிட்டாள்.

அதன் பிறகுதான் மச்சாளுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை மடங்கி இறுகியது. வாய் ஒரு பக்கம் கோணியது. ஓரளவு தேறியதும் என்னைக் கூட்டிக்கொண்டு பேஸ்மன்றுக்கு இறங்கினார். இடது கையால் துணியை எடுத்தார். அது வழுகி நிலத்தில் விழுந்தது. பொறுப்பாளர் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டினாள்.

“அக்கா, ஊனமுள்ள ஆக்கள் பீடத்துக்குக் கிட்ட வரக்கூடாதெண்டு மோசேயின்ர சட்டத்திலயே இருக்கு. நான் சொல்லேல்லை, வேதம் சொல்லுது.” சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அது அந்தக் காலத்துக் குருக்களுக்குச் சொன்னது. ஊனமுள்ள குருவும் கடவுளின்ர அப்பத்தைச் சாப்பிடலாமெண்டு அங்கயே இருக்கு” என்றேன்.

“அப்ப வந்து சாப்பிடட்டும். ஆர் வேண்டாமெண்டது?”

மச்சாள் என் கையைப் பிடித்து, “விடும்” என்றார்.

இனிக் கோயிலுக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னை வழமையை விட முந்தி வரச் சொன்னார். கோயிலின் வெளிக்கதவு பாரமானது. அதை இடது தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். “லேவியரில வாசல் காத்தவையும் இருந்தவை” என்று மட்டும் சொன்னார். அந்தப் பனிக்காலம் முழுவதும் அப்படித்தான். தள்ளுவண்டிக் குழந்தைகளும் தடியூன்றி வருபவர்களும் முதலில், பிறகு மற்றவர்கள் என்று அங்கேயும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். குளிர்காற்று நேரே முகத்தில் அடிக்கும். கடைசி ஆள் உள்ளே போகும்வரை அசையமாட்டார். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், “அன்ரி, கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் வரேல்லையோ?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

பனி கரைந்த பிறகு கதவுக்குத் தானியங்கி பட்டன் பொருத்தினார்கள். பூசை முடிவில் பொறுப்பாளர் மைக்கில் அறிவித்தாள்: “எங்கட அக்காவைப் போல ஏலாத ஆக்களுக்காகத்தான் இதைச் செய்தனாங்கள்.” கோயில் முழுவதும் திரும்பி மச்சாளைப் பார்த்துக் கைதட்டியது. அவரால் கைதட்ட முடியாது. மடங்கிய கையை மறு கையால் மூடிக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறும் பழைய இடத்தில் போய் நின்றார். யாரோ பட்டனை அமத்த, கதவு தானாக விரிந்து அவர் தோளில் இடித்தது. தள்ளி நின்றார். மறுபடியும் இடித்தது. இன்னும் தள்ளி நின்றபோது சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் வழிவிடச் சொன்னார்கள். “காரை எடும்” என்றார் என்னிடம். அதோடு கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது.

இப்போது அவர் அஜக்ஸில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அவருடைய தம்பியான என் கணவருக்கு அங்கே போய்வர நேரம் கிடைப்பதில்லை, நான்தான் போவேன். போன கிழமை, ஆறுதலாக இருக்கட்டும் என்று, வேதாகமத்தில் கண்ட ஒரு விஷயத்தைச் சொன்னேன். லேவியர் வயதாகிப் பாரமான வேலையிலிருந்து விலகினாலும் அவர்களைத் துரத்திவிடுவதில்லையாம். தங்கள் சகோதரரோடு கூட நின்று காவலுக்கு உதவுவார்களாம்.

மச்சாள் என் பக்கம் திரும்பினார்.

“அவையளுக்குச் சகோதரங்கள் இருந்தவை” என்றார்.