பைக்கில் பாட்டு பூட்டிய கதை

சென்ற இரண்டு வாரமும் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று விசாரித்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆசிரியரோடு சண்டையும் இல்லை. காரணம் ஒரு ஸ்பீக்கர்.

ஒன்றல்ல... ஆறு.

என் கணவர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் நில அளவைக் கந்தோருக்குப் படம் வரைபவராக வேலைக்கு வந்து, இங்கேயே என்னைக் கல்யாணம் செய்து, இங்கேயே தங்கிவிட்டவர். கல்யாணமாகி ஒன்பது வருடம். போரால் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த காலம். அவருடைய அம்மாவை நான் பார்த்ததே கிடையாது. கல்யாணச் செய்தி போன பிறகு அந்த அம்மாவிடமிருந்து கடிதமும் நின்றுபோனது. தங்கச்சி மட்டும் எப்போதாவது நாலு வரி எழுதுவாள்.

இந்த வருடம் போர்நிறுத்தத்தோடு பாதை திறந்தது. திறந்த கையோடு தங்கச்சியின் கடிதமும் வந்தது. ‘அண்ணா, உங்கள் இரண்டு பேரையும் அம்மா வரச் சொல்லுறா.’

நான் அன்றைக்கே பெட்டி அடுக்கத் தயார். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

“பஸ்ஸிலை வேண்டாமப்பா. பைக்கிலை போவம்.”

பதுளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு... மோட்டார் சைக்கிளில்! சரி, ஆசைப்படுகிறார் என்று விட்டேன். அவருடைய பழைய ஜப்பான் பைக்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி பூட்டினார். முன்னால் காற்றுக் கண்ணாடி பூட்டினார். அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“இவ்வளவு தூரம் பாட்டில்லாமப் போகேலாது.”

பிடித்தது சனி.

பதுளை பஜாரில் கார்களுக்கும் திரீவீலர்களுக்கும் பாட்டு செட் பூட்டுகிறவர் நிஸாம் நானா. அவர் முதல் நாளே தலையில் அடித்துக்கொண்டார். “சேர், இதுக்குக் கதவும் இல்ல, கூரையும் இல்ல. சத்தம் எங்க நிக்கும்?” சொன்னால் கேட்கிற ஆளா இவர்? ஹேண்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்பீக்கர், பெட்ரோல் டாங்கிக்கு மேல் ஒரு கேஸட் பிளேயர். கடை வாசலில் நிறுத்திப் போட்டபோது பிரமாதம்! பசறை ரோட்டில் வேகம் எடுத்ததும் காற்று மட்டும்தான் பாடியது.

“சத்தம் காணாது” என்றார். அவருடைய ஊரில் ‘காணாது’ என்றால் ‘போதாது’.

அடுத்த வாரம் பெரிய ஸ்பீக்கர். கூடவே ஓர் அம்ப்ளிஃபயர். இப்போது சத்தம் வந்தது. ஆனால் தபேலாவுக்கு ஒரு அடி விழுந்தால் ஹெட்லைட் ஒரு தடவை கண்ணை மூடும். ஹாலிஎல போய்ச் சேருவதற்குள் பற்றரி செத்துவிட்டது. பைக்கைத் தள்ளியது யார்? சேலை கட்டிக்கொண்டு... நான்தான்!

“பற்றரி காணாது” என்றார்.

பெரிய பற்றரி வந்தது. அதை வைக்க ஒரு பக்கத்துப் பெட்டி போயிற்று. என் துணிமணிக்கு இருந்த பெட்டி அது. அதைக் கேட்டேன். “உமக்கு ஒரு பை காணுந்தானே?” என்றார். அவருக்குக் காணாதது எல்லாம் எனக்குக் காணும்!

அந்த செட்டைச் சோதித்துப் பார்க்க நமுனுகுல பக்கம் என் அம்மா வீட்டுக்குப் போனோம். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் வளைவுக்கு வளைவு பாட்டு முழங்குகிறது. தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் போனால்... ஒரே கூட்டம்! பெண்கள் கையில் காசோடு ஓடி வருகிறார்கள். லொத்தர் சீட்டு விற்கிற வண்டி என்று நினைத்துவிட்டார்கள்.

“சீட்டு இல்லீங்களா? அப்ப எதுக்குங்க இம்புட்டுச் சத்தம்?” என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே இவர் பக்கம் திருப்பிவிட்டேன். திரும்பி வரும்போது கொட்டிய மழையில் ஸ்பீக்கர் இரண்டும் ஊறி, தவளை மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கின.

பிறகு கொழும்பிலிருந்து, படகுகளுக்குப் பூட்டுவதாம், நனைந்தாலும் கெடாதாம், இன்னொரு ஜோடி எடுப்பித்தார். அது வரும் வரைக்கும் சும்மா இருப்பாரா? ஹெல்மெட்டுக்குள்ளே காதோரம் இயர்போன் ஒயர் செருகிக்கொண்டார். ஒரு வளைவில் பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கிறது. இவருக்குக் கேட்கவில்லை. முதுகில் குத்துகிறேன், குத்துகிறேன்... ஆள் நடுரோட்டை விடவில்லை. பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. என் முழங்கையில் சிராய்ப்பு. இறங்கி என்னவென்று கேட்டால், நான் பாட்டுக்குத் தாளம் போடுகிறேன் என்று நினைத்தாராம்!

இப்படியே ஒன்பது வாரம்.

கடைசியில் படகு ஸ்பீக்கரும் பூட்டியாயிற்று. நிஸாம் நானாவே, “சேர், இதுக்கு மேல செய்றதுக்கு ஒண்டும் இல்ல” என்று கையை விரித்துவிட்டார். இவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “பாஸ் காணாது, அடிச்சத்தம் உறுமேல்லை” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்.

“நாளன்னைக்குக் காலையில நான் பஸ்ல போறேன். நீங்க ஒங்க ஸ்பீக்கரோட மெதுவா வாங்க.”

அவர் முகம் மாறியது. “பஸ்ஸிலை ஏறினா நடுவழியிலை திரும்பேலாதப்பா” என்றார்.

“ஏன் திரும்பணும்?”

“சும்மா சொன்னனான்” என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே இறுக்கிய ஆணியை மறுபடி இறுக்கினார்.

அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஓர் ஆண்பிள்ளை ஒரு மெஷினோடு ஒரு வாரத்துக்கு மேல் மல்லுக்கட்டினால் கோளாறு மெஷினில் இல்லை. சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று தொண்டையில் நிற்கிறது.

எப்படியோ புறப்பட்டோம். மகியங்கனை வழியாக இறங்கி, வவுனியாவில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை ஓமந்தை ராணுவச் சோதனைச்சாவடி. நினைத்துப் பாருங்கள்... எந்தக் காலம் இது? எந்த இடம் அது? அங்கே போய் நிற்கிறது ஒரு பைக். டாங்கிக்கு மேலே சிவப்பும் கறுப்புமாக ஒயர். பெட்டிக்குள்ளே ஒரு பெரிய பற்றரி.

சிப்பாய் இரண்டடி பின்னால் போனார்.

“இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“பாட்டு செட்” என்றேன். எனக்குத்தான் சிங்களம் சரளம்.

“அப்படியானால் பாட வையுங்கள்.”

இவர் பொத்தானை அமுக்கினார். வழியெல்லாம் குடித்த புழுதியில் அது வாயே திறக்கவில்லை. ஒன்பது வாரத்துப் பாடு... பாட வேண்டிய ஒரே ஒரு நேரத்தில் ஊமை! வெயிலில் நின்று ஒவ்வோர் ஆணியாக, ஒவ்வோர் ஒயராக இவரே கழற்ற வேண்டியதாயிற்று. எல்லாம் ஒரு ஷாப்பிங் பையில். கொஞ்சத் தூரம் தள்ளி அடுத்த பக்கத்தாரான இயக்கத்தின் சோதனை. அங்கேயும் அந்தப் பையைத் தரையில் கொட்டி, மறுபடி அதே கேள்வி. “இது என்ன?”

வன்னிக்குள் ஓடினோம். பாட்டு இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும். மாங்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் இவர் பைக்கை ஓரம் கட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார்.

“உமக்கு ஒண்டு சொல்ல வேணும். அம்மாவுக்கு நான் உண்மையை எழுதேல்லை. பொம்பிளை பதுளையிலை டீச்சர், அவையின்ரை ஆக்கள் சாவகச்சேரியிலையிருந்து போய் இருக்கினம் எண்டு எழுதிப்போட்டன். தோட்டம் எண்டு எழுதேல்லை.”

தோட்டத்து ஆட்கள் என்றால் அந்தப் பக்கத்தில் ஒரு படி கீழேதான். அதற்காக ஒன்பது வருடம்! என் அம்மா கையால் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பார்? என் அப்பா ‘மாப்பிள்ள, மாப்பிள்ள’ என்று எத்தனை தடவை நாற்காலியைத் துடைத்துப் போட்டிருப்பார்?

அழுகை வரவில்லை. இறங்கி எங்கேயாவது நடந்து போய்விடலாம் என்று பார்த்தேன். வீதியின் இரண்டு பக்கமும் சிவப்புப் பலகை. ‘மிதிவெடி கவனம்.’ பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போக ஒரு முழம் நிலம் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார் மனுஷன்!

“என்னப்பா செய்யிறது? திரும்புவமா?” என்று கேட்டார்.

“ஓட்டுங்க. ஒங்களுக்கு வாய் வராது. நானே சொல்லிக்கிறேன்.”

வழியில் அவர் இரண்டு தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் சிவப்புப் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தோம். கேற்றைத் திறந்தவர் மெலிந்த, உயரமான ஓர் அம்மா. மகனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

“உம்மட ஆக்கள் எந்த இடம், பிள்ளை?”

வாசலிலேயே கேட்டுவிட்டார். நானும் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

“நமுனுகுல பக்கம் தோட்டம்ங்க. அம்மா கொழுந்து எடுத்தவங்க. அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவரு. நான் லயத்துல பொறந்தவ. இவரு ஒங்களுக்கு வேற மாதிரி எழுதிட்டாராம். எனக்கே இன்னைக்கு மத்தியானந்தான் தெரியும்.”

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

“எனக்கு ஒன்பது வருசமாத் தெரியும்” என்றார் அந்த அம்மா. “பதுளைக் கச்சேரிக் கந்தோரிலை வேலை செய்த எங்கட ஊர்ப் பெடியன் அந்த மாசமே வந்து சொல்லிப்போட்டான். நீர் என்ன சொல்லுறீர் எண்டு பாக்கத்தான் கேட்டனான்.”

என் பையை வாங்கிக்கொண்டே மேலே சொன்னார்.

“ஏன் பொய் சொல்ல வேணும்... முதல்லை எனக்கு விருப்பமில்லைத்தான். சரியான கோவம். கடிதம் போடேல்லை. பிறகு இடம்பெயர்ந்து ஓடினம். ஒவ்வொரு இடமா ஓடேக்கை, தூக்கிக் காவ ஏலாததெல்லாத்தையும் விட்டிட்டு விட்டிட்டுத்தானே போனது? அந்தக் கோவமும் எங்கையோ விடுபட்டுப் போச்சுது.”

என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார். பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார்.

“இவன் எழுதின பொய்யைத்தான் நான் இன்னும் விடேல்லை. நீர் வாரும் பிள்ளை, சாப்பிடுவம். அவன் நிக்கட்டும்.”

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ‘மாமி’ என்று கூப்பிடுவதா, எங்கள் பக்கத்து வழக்கப்படி ‘அத்தை’ என்பதா என்று யோசித்துக்கொண்டே போனேன். முற்றத்தில் இவர் அசையாமல் நின்றார்.

உள்ளே வரட்டுமே என்று நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான்... ஆனால் மீன் குழம்பு சூடாக இருந்தது, எனக்குக் கோபமும் ஆறவில்லை.